வெற்றுவெளியில் எழுந்த ஒளி
விண்கலங்களின் கழிவுவாயுவும் உயர் வளிமண்டலமும்: ஒரு வரலாற்று நோக்கு

விண்வெளி யுகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெற்றிகளையே வரிசைப்படுத்துவர். எந்த ஆண்டில் எக்கலம் ஏவப்பட்டது, எந்நாடு முந்திற்று, எவர் முதலிற் சந்திரனில் இறங்கினார் என்பனவே அவ்வரலாற்றின் தலைப்புகளாக அமைகின்றன. அக்கலங்கள் தாம் சென்ற வழியில் எவற்றை விட்டுச் சென்றன, விட்டுச் சென்றவை அங்கு யாது செய்தன என்னும் வினாக்கள் அடிக்குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றன. எனினும், அவ்வடிக்குறிப்புகளுள் ஒன்று தனி அத்தியாயமாக எழுதப்படத்தக்கது. விண்கலத்தின் உந்துபொறிகள் வெளியேற்றும் கழிவுவாயு உயர் வளிமண்டலத்தோடு மோதி ஒளி வீசுகின்றது என்னும் உண்மை எவ்வாறு அறியப்பட்டது என்பதே அவ்வத்தியாயமாகும்.

இவ்வொளி முதலிற் கருவியின் குறைபாடாகக் கருதப்பட்டது. பின்னர் ஆய்வுக்குரிய பொருளாயிற்று. அதன்பின் படைத்துறையினர் தேடும் அடையாளமாயிற்று. இன்று ஓர் எச்சரிக்கையாகவும் விளங்குகின்றது. புவிக்கு மேலே சில நூறு கிலோமீற்றர் உயரத்திலுள்ள வெளி வெறுமையானது, அங்கு எதனை எறியினும் தீங்கில்லை என்னும் எண்ணம் படிப்படியாகத் தகர்ந்த வரலாறும் இதுவே என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகை ஒளி

வானில் மனிதன் ஏற்படுத்திய ஒளிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. அவற்றை வேறுபடுத்தி அறிதல் இவ்வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது.

முதலாவது வகை, சூரிய ஒளியைத் தெறித்துக் காட்டும் துகள்களின் ஒளி. 1962 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆந் திகதி புவியை வலம்வந்த அமெரிக்க விண்வெளி வீரர் ஜோன் கிளென், சூரியோதய வேளையில் தமது கலத்தைச் சுற்றி மின்மினிகள் போன்ற ஒளித்துகள்கள் மிதப்பதைக் கண்டார். அதே ஆண்டு மே மாதத்திற் சென்ற ஸ்கொட் காப்பென்ரர், கலத்தின் சுவரைத் தட்டியபோது அத்துகள்கள் மேலும் பறந்தமையைக் கண்டு, அவை கலத்தின் வெளிப்புறத்திற் படிந்த உறைபனியே எனக் காட்டினார். வியப்பு நீங்கிற்று, ஆயினும் விண்கலம் தன்னைச் சூழத் தனக்கென ஒரு சிறு வளிமண்டலத்தைச் சுமந்து செல்கின்றது என்னும் குறிப்பு அங்கேயே தோன்றிவிட்டது எனலாம்.

இரண்டாவது வகை, சூரிய ஒளியை உறிஞ்சி அதே நிறத்தில் மீள வீசும் ஆவியின் ஒளி. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், கேரளக் கரையிலுள்ள தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 ஆந் திகதி மாலை ஏவப்பட்ட முதலாவது றொக்கெற்று சோடியம் ஆவியை வானில் வெளியிட்டது. அந்தி வேளையிற் புவி இருண்டிருக்க, மேலே எஞ்சியிருந்த சூரிய ஒளியில் அவ்வாவி செம்மஞ்சள் முகிலாகக் காட்சியளித்தது. அது நகர்ந்த திசையையும் வேகத்தையும் கொண்டு மேற்காற்றுகள் அளவிடப்பட்டன.

மூன்றாவது வகையே ஈண்டு நமக்குரியது. அதற்குச் சூரிய ஒளி வேண்டுவதில்லை. வெளியிடப்பட்ட வாயுவும் வளிமண்டலமும் தம்முள் மோதியோ தாக்கமுற்றோ பெறும் சக்தியே ஒளியாக வெளிப்படுகின்றது. நள்ளிரவிலும் இது நிகழவல்லது.

தனி ஒட்சிசனும் 1956 ஆம் ஆண்டுச் சோதனையும்

நாம் சுவாசிக்கும் வளியில் ஒட்சிசன் இரண்டிரண்டு அணுக்களாகப் பிணைந்து மூலக்கூறாக உள்ளது. ஏறத்தாழ 100 கிலோமீற்றருக்கு மேலே சூரியனின் ஊதாக்கடந்த கதிர்கள் அப்பிணைப்பை உடைத்துவிடுகின்றன. உடைந்த அணுக்கள் அடர்த்தி குன்றிய அவ்வெளியில் மீண்டும் எளிதில் இணைவதில்லை. ஆகவே பகலில் உறிஞ்சப்பட்ட சக்தி, இணையாது நிற்கும் அணுக்களில் இரவு முழுவதும் சேமிப்பாக உள்ளது. 250 கிலோமீற்றர் உயரத்தில் இத்தனி ஒட்சிசனே வளியின் முதன்மைக் கூறாகும்.

இச்சேமிப்பைத் திறந்துகாட்டிய சோதனை 1956 மார்ச் 14 ஆந் திகதி அதிகாலையில் நடைபெற்றது. அமெரிக்க வான்படையின் கேம்பிறிட்ஜ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தோர், நியூ மெக்சிக்கோவிலுள்ள ஹொலமன் தளத்திலிருந்து ஏவிய ஏரோபீ றொக்கெற்று மூலம், 106 கிலோமீற்றர் உயரத்தில் நைத்திரிக்கு ஒட்சைட்டு வாயுவை வெளியிட்டனர். வாயு வெளியேறிய இடத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஒளி தோன்றிற்று. நைத்திரிக்கு ஒட்சைட்டு தனி ஒட்சிசன் அணுவொன்றைப் பற்றி நைதரசனீரொட்சைட்டாக மாறும்போது மிகைச் சக்தி ஒளியாக வெளியேறுகின்றது என்பது ஆய்வுகூடங்களில் முன்னரே அறியப்பட்டிருந்தது. வானமே ஓர் ஆய்வுகூடக் குடுவையாக அமையும் என்பதை அச்சோதனை காட்டிற்று. இதே தாக்கம் கால் நூற்றாண்டின் பின் எவரும் எதிர்பாராத இடமொன்றில் மீண்டும் தோன்றவிருந்தது.

ஸ்கைலாப் ஏற்படுத்திய துவாரம்

றொக்கெற்றுகள் வேண்டுமென்றே வாயுவை வெளியிடாதபோதும் தம் பயணத்தின்போது பெருந்தொகையான வாயுவை விட்டுச் செல்கின்றன. அதன் விளைவை முதலில் உணர்த்தியவை வானொலி அலைகளே. 1959 பெப்ரவரியில் வன்காட் 2 ஏவப்பட்டபோது அயன்மண்டலத்தின் ஒரு பகுதியில் இலத்திரன்கள் குறைந்தமையை 1961 இல் ஹென்றி புக்கர் எடுத்துக்காட்டினார். அது பெருங்கவனத்தைப் பெறவில்லை.

1973 மே 14 ஆந் திகதி ஸ்கைலாப் விண்நிலையத்தைச் சற்றேர்ண் 5 றொக்கெற்று சுமந்து சென்றது. சந்திரப் பயணங்களின்போது அதன் முதலிரு கட்டங்களும் 200 கிலோமீற்றருக்குக் கீழான பாதையிலேயே எரிந்தன. இம்முறையோ அதன் இரண்டாவது கட்டம் ஏறத்தாழ 440 கிலோமீற்றர் உயரம்வரை எரிந்து, நீராவியையும் ஐதரசனையும் அயன்மண்டலத்தின் நடுவிலேயே கொட்டிற்று. செய்மதியொன்றிலிருந்து மசாச்சூசெற்ஸ் மாநிலத்தில் வந்தடைந்த வானொலி அலைகளின் பதிவுகளை ஆராய்ந்த மைக்கேல் மென்டில்லோவும் அவருடன் பணியாற்றியோரும், ஏவுதலின் பின் இலத்திரன் தொகை பாதியளவாகக் குறைந்திருந்தமையையும், அக்குறைபாடு ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் ஆரையில் பரந்து சில மணிநேரம் நீடித்தமையையும் கண்டனர். 1975 இல் அவர்கள் தம் முடிவுகளை வெளியிட்டனர்.

இதன் காரணம் எளிமையானது. அவ்வுயரத்தில் ஒட்சிசன் அயன்கள் இலத்திரன்களோடு நேரடியாக இணைதல் மிக அரிது. இடையில் மூலக்கூறொன்று புகுந்து அயனின் ஏற்றத்தைத் தான் ஏற்றுக்கொண்டாலன்றி இணைவு விரைவாக நடைபெறாது. அங்கு இயல்பாகவுள்ள நைதரசனும் ஒட்சிசனும் இப்பணியை மெதுவாகச் செய்கின்றன. நீராவியும் ஐதரசனும் அதனை நூறு முதல் ஆயிரம் மடங்கு விரைவாகச் செய்கின்றன. ஏற்றம் பெற்ற மூலக்கூறு இலத்திரனோடு இணைந்து உடையும்போது, கழிவுவாயுவின் இயல்புக்கேற்ப நேராகவோ அடுத்து நிகழும் தாக்கங்களின் வழியாகவோ, அருட்டப்பட்ட ஒட்சிசன் அணுக்கள் தோன்றுகின்றன. அவை 630 நனோமீற்றர் அலைநீளமுள்ள செவ்வொளியை வீசித் தம் சக்தியை இழக்கின்றன.

அச்செவ்வொளிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அருட்டப்பட்ட அணு ஒளியை வீச ஏறத்தாழ இரண்டு நிமிடம் காத்திருக்கின்றது. அணுக்களின் உலகில் இது மிக நீண்ட காலம். அடர்த்தி கூடிய தாழ்ந்த வளியில் அதற்கிடையே பிற மூலக்கூறுகள் மோதிச் சக்தியைக் கவர்ந்துவிடும். எனவே 200 கிலோமீற்றருக்கு மேலேயே இவ்வொளி நன்கு தோன்றும். ஸ்கைலாப் ஏவப்பட்டது நண்பகலை அடுத்தாகையால் அன்று ஒளியை எவரும் காண இயலவில்லை. 1979 செப்ரெம்பர் 20 ஆந் திகதி அற்லஸ் சென்ரோர் றொக்கெற்றொன்று ஹீயோ 3 ஆய்வுச் செய்மதியை ஏவியபோது, முன்கூட்டியே ஆயத்தஞ் செய்திருந்த ஆய்வாளர் இச்செவ்வொளியைப் பதிவு செய்தனர். துவாரத்தைக் காட்டும் வானொலி அலையோடு, துவாரமே வீசும் ஒளியும் சான்றாயிற்று.

கொலம்பியாவின் புகைப்படங்கள்

இவை யாவும் விண்கலத்துக்கு வெளியே, தொலைவில் நிகழ்ந்தவை. கலத்தின் மேற்பரப்பிலேயே ஒளி உண்டு என்னும் செய்தி வேறு வழியால் வந்தது. 1970களில் இயங்கிய அற்மொஸ்பியர் எக்ஸ்புளோரர் செய்மதிகளின் ஒளிமானிகள் இரவுவானின் இயல்பான ஒளியை அளவிட அமைக்கப்பட்டவை. அவை முன்னோக்கிப் பார்க்கும்போது எதிர்பார்த்ததிலும் கூடிய ஒளியைக் காட்டின. அளவீட்டிலிருந்து கழித்துவிட வேண்டிய மிகையாகவே அது தோன்றிற்று. அம்மிகை செய்மதியின் உயரத்தோடும் அது பறக்கும் திசையோடும் ஒழுங்காக மாறுவதை ஆராய்ந்தோர், ஒளி செய்மதியிலிருந்தே எழுகின்றது என்னும் முடிவுக்கு வந்தனர்.

1982 மார்ச் மாதம் கொலம்பியா விண்ணோடத்தின் மூன்றாவது பயணத்தின்போது ஜாக் லூஸ்மா, கோடன் புலர்ற்றன் ஆகிய வீரர்கள், ஏறத்தாழ 240 கிலோமீற்றர் உயரத்தில், புவியின் இருண்ட பக்கத்திற் சில புகைப்படங்களை எடுத்தனர். விண்ணோடத்தின் வாற்பகுதியிலும் பின்பொறிகளின் உறைகளிலும் மங்கிய செவ்வொளி படர்ந்திருப்பதை அவை காட்டின. பயணத் திசையை நோக்கிய பரப்புகளிலேயே அவ்வொளி காணப்பட்டது. சிறு உந்துபொறிகள் இயங்கிய வேளைகளில் அது சில கணங்களுக்குப் பெரிதும் கூடிற்று. பீற்றர் பாங்ஸும் அவரோடு ஆய்வு செய்தோரும் 1983 இல் இவற்றை வெளியிட்டபோது, 'விண்ணோட ஒளிர்வு' என்னும் தொடர் விஞ்ஞான வழக்கிற் புகுந்தது.

இவ்வொளி எழுவதற்கான சூழலை எண்களால் நோக்குதல் பயனுடையது. விண்ணோடம் செக்கனுக்கு 7.8 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றது. அவ்வுயரத்தில் வளியின் துகள் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஆயிரங்கோடியில் ஒரு பங்கே. ஆயினும் ஒரு கன சென்ரிமீற்றரில் நூறு கோடி அளவிலான ஒட்சிசன் அணுக்கள் உள்ளன. கலத்தின் வேகத்தால் அவை ஒவ்வொன்றும் 5 இலத்திரன்வோற்று அளவிலான சக்தியோடு அதன் முகப்பை மோதுகின்றன. பல மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்க இச்சக்தி போதுமானது. வெறுமை என நாம் கருதும் வெளி, விரைந்து செல்லும் கலத்துக்கு இடையறாத அணுமாரியாக மாறுகின்றது.

விண்ணோடத்தின் திசையைத் திருத்தும் உந்துபொறிகள் 44 ஆகும். அவற்றுள் 38 பெரியவை. எஞ்சிய ஆறும் நுண்திருத்தத்துக்குரிய சிறியவை. மொனோமெதயில் ஐதரசீன் எரிபொருளாகவும், நைதரசன் நாலொட்சைட்டு ஒட்சியேற்றியாகவும் பயன்பட்டன. இவை சேர்ந்து எரியும்போது நீராவி, நைதரசன், ஐதரசன், காபனோரொட்சைட்டு முதலியன செக்கனுக்கு 3 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளியேறுகின்றன. பயணத் திசையை நோக்கி அவை வெளியேறுமாயின் இரு வேகங்களுங் கூடி, செக்கனுக்கு 11 கிலோமீற்றர் அளவில் வளிமண்டல ஒட்சிசனோடு மோதுகின்றன. பின்னோக்கி வெளியேறின் மோதல் வேகம் அதன் பாதியளவிலும் குறைகின்றது. ஒரே பொறி, ஒரே எரிபொருள். திசை மாறிய அளவிலேயே ஒளியின் செறிவும் மாறுகின்றது.

விவாதமும் தீர்வும்

மேற்பரப்பு ஒளிர்வுக்குக் காரணம் யாது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நிலவிற்று. ஒட்சிசனும் ஐதரசனும் இணைந்த ஐதரொட்சில் மூலிகமே காரணம் என்றனர் ஒரு சாரார். கலத்தைச் சூழ்ந்த அயன்களின் கொந்தளிப்பே காரணம் என்றனர் மற்றொரு சாரார். இரண்டும் அக்காலத்துச் சான்றுகளுக்கு முற்றிலும் முரணானவை அல்ல.

விவாதத்தைத் தீர்க்க நிறமாலையே துணையாயிற்று. அடுத்து வந்த பயணங்களில் வீரர்கள் கமெராவின் வில்லைக்கு முன் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகட்டைப் பொருத்திப் படமெடுத்தனர். ஐதரொட்சிலின் ஒளியாயின் அது பிரிந்த பட்டைகளாகத் தோன்றவேண்டும். பெறப்பட்ட நிறமாலையோ இடைவெளியின்றித் தொடர்ந்து, 680 நனோமீற்றர் அளவில் உச்சமடைந்தது. 1985 இல் சுவென்சன், மென்டே ஆகியோர் இதனை நைதரசனீரொட்சைட்டின் ஒளி என விளக்கினர். கலத்தின் பரப்பில் நைத்திரிக்கு ஒட்சைட்டு ஒட்டிக்கொள்கின்றது. விரைந்து வரும் ஒட்சிசன் அணு அதனோடு இணைகின்றது. தோன்றிய மூலக்கூறு பரப்பை விட்டு நீங்கி, ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் தொலைவுக்குள் ஒளிர்ந்து அடங்குகின்றது. 1956 இல் ஹொலமன் வானில் ஒளிர்ந்த அதே தாக்கம், இப்போது ஒரு கலத்தின் தோலில் நிகழ்ந்தது.

விளக்கம் பொருத்தமாயினும் சோதனை வேண்டப்பட்டது. 1991 ஏப்ரல் 28 ஆந் திகதி ஏவப்பட்ட டிஸ்கவரி விண்ணோடத்திலிருந்து நைத்திரிக்கு ஒட்சைட்டு உட்படச் சில வாயுக்கள் வெளியிடப்பட்டன. நைத்திரிக்கு ஒட்சைட்டு வெளியேறியபோது விண்ணோடத்தின் பரப்பு முன்னொருபோதும் இல்லாத அளவு ஒளிர்ந்தது. ஒன்பதாண்டு விவாதம் பெரும்பாலும் முடிவுற்றது.

அப்பயணத்தை விஞ்ஞான ஆர்வத்தின் விளைவாக மட்டும் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பயணமாகும். டிஸ்கவரி 'ஸ்பாஸ்' என்னும் ஜேர்மன் தயாரிப்பான சிறு செய்மதியை வெளியே விடுத்து, அதன் கண்முன்னே தன் பொறிகளை இயக்கிக் காட்டிற்று. அதற்கு நிதியளித்தது, வரும் ஏவுகணைகளை விண்ணிலேயே அழிக்கும் திட்டத்துக்குப் பொறுப்பான அமைப்பாகும். எதிரியின் ஏவுகணையை அதன் கழிவுவாயுவின் ஒளியால் இனங்காணலாம். ஆகவே அவ்வொளியின் ஒவ்வோர் அலைநீளமும் படைத்துறைக்கு மதிப்புடையதாயிற்று. ஹவாயின் மாவுய்த் தீவில், ஹலேயகலா மலையுச்சியிலுள்ள வான்படையின் தொலைகாட்டிகளும் தமக்கு மேலாகச் செல்லும் விண்ணோடங்களின் பொறியொளியைப் பதிவு செய்தன. எரியாது எஞ்சிய எரிபொருட் கூறுகளிலிருந்து எழும், நைதரசனும் ஐதரசனும் இணைந்த மூலிகத்தின் ஊதாக்கடந்த ஒளி 336 நனோமீற்றரிற் காணப்பட்டமை இத்தகைய ஆய்வுகளின் பேறாகும். உயர் வளிமண்டல இரசாயனம் பற்றிய நமது அறிவின் ஒரு பகுதி போர் அச்சத்தின் செலவிலேயே பெறப்பட்டது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

துவாரமே கருவியாதல்

கழிவுவாயு ஏற்படுத்தும் துவாரத்தை வேண்டுமென்றே உருவாக்கிப் பயன்கொள்ளும் முயற்சியும் இக்காலத்ததே. 1985 ஜூலை 29 ஆந் திகதி ஏவப்பட்ட சலஞ்சர் விண்ணோடம், ஸ்பேஸ்லாப் 2 ஆய்வுகூடத்தைச் சுமந்து சென்றது. அதன் பாதைமாற்றுப் பொறிகள் இரண்டும் தனித்தனியே செக்கனுக்கு ஏறத்தாழ 9 கிலோகிராம் வாயுவை வெளியேற்றுபவை. தரையிலுள்ள ஆய்வுநிலையங்களுக்கு மேலே அவற்றை எரித்து, இலத்திரன் குறைவையும் செவ்வொளியையும் ஒருங்கே அளவிடுவது திட்டம். ஏறும்போதே பிரதான பொறியொன்று நின்றுபோனமையால் கலம் தாழ்ந்த பாதையிலேயே அமைந்தது. எண்ணிய எரிப்புகள் அனைத்தும் நடைபெறவில்லை. எனினும் மசாச்சூசெற்ஸின் மில்ஸ்ரன் ஹில்லுக்கு மேலேயும் தாஸ்மேனியாவின் ஹோபாட்டுக்கு மேலேயும் சோதனைகள் நிறைவேறின. சாதாரணமாக அயன்மண்டலம் தடுத்துவிடும் தாழ் அதிர்வெண் வானொலி அலைகள், ஹோபாட்டுக்கு மேலே திறந்த துவாரத்தின் வழியே விண்ணிலிருந்து தரையை அடையுமா என ஆராயப்பட்டது. பழுதெனக் கருதப்பட்ட துவாரம் ஒரு சாளரமாகப் பயன்பட்டது.

இன்றைய நிலை

விண்ணோடங்களின் பயணங்கள் 2011 ஜூலையில் முடிவுற்றன. ஒளியின் வரலாறு முடியவில்லை. 2017 ஓகஸ்ற் 24 ஆந் திகதி போர்மோசற் 5 செய்மதியை ஏவிய பல்கன் 9 றொக்கெற்று, ஏறத்தாழ 900 கிலோமீற்றர் அகலமான துவாரத்தை அயன்மண்டலத்தில் ஏற்படுத்திற்று. மண்ணெண்ணெயும் ஒட்சிசனும் எரியும் அதன் பொறியிலிருந்து நீராவியும் காபனீரொட்சைட்டும் வெளியேறுகின்றன. இரண்டும் ஒட்சிசன் அயனைத் தாக்கவல்லன. அயன்மண்டலத்தின் இத்தகைய மாற்றம் செய்மதிவழி இடமறியும் கருவிகளில் ஒரு மீற்றர் அளவான பிழையை ஏற்படுத்தக்கூடும் எனக் கணிக்கப்பட்டது. 2023 இலிருந்து, பணி முடிந்த மேற்கட்டத்தைக் கடலில் வீழ்த்துவதற்காக ஏறத்தாழ 300 கிலோமீற்றர் உயரத்தில் நடைபெறும் எரிப்புகளின் பின்னர், ரெக்சாசின் மக்டொனால்ட் வானாய்வு நிலையத்துக்கு மேலே செந்நிற ஒளிவட்டங்கள் தோன்றுவதும் பதிவாயிற்று.

ஒரு துவாரம் சில மணிநேரத்தில் மூடிக்கொள்கின்றது; மறுநாட் சூரியன் இழந்த இலத்திரன்களை மீளத் தருகின்றது. ஆகவே அச்சத்துக்கு இடமில்லை எனச் சிலர் வாதிடுவர். ஒரு நிகழ்வை மட்டும் நோக்கின் அவ்வாதம் சரியானதே. ஆனால் ஸ்கைலாப் ஏவப்பட்ட காலத்தில் அத்தகைய நிகழ்வு அரிதாக இருந்தது. 2023 ஆம் ஆண்டிலோ உலகெங்கும் 200 இற்கு மேற்பட்ட ஏவுதல்கள் நடைபெற்றன. மீளும் காலத்துக்கும் மீண்டும் நிகழும் காலத்துக்கும் இடையிலான விகிதமே இங்கு கருதத்தக்கது. அவ்விகிதத்துக்கு எல்லை விதிக்கும் சட்டம் எதுவும் இல்லை. 1967 ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, தீங்கான மாசுபடுத்தலைத் தவிர்க்குமாறு நாடுகளைக் கேட்கின்றது. எவ்வளவு வாயு, எவ்வளவு ஒளி தீங்காகும் என்று அது வரையறுக்கவில்லை. ஏவுவோர் சிலர், அயன்மண்டலத்தின் வழியே பேசவும் வழியறியவும் வானை நோக்கவும் வேண்டியவர் அனைவரும். இவ்வேற்றத்தாழ்வு விஞ்ஞானத்தால் மட்டும் தீர்க்கப்படக்கூடியதன்று.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒளிமானியின் மிகையையும், வானொலிப் பதிவின் வீழ்ச்சியையும், புகைப்படத்தின் செங்கறையையும் ஒதுக்கித் தள்ளாது ஆராய்ந்தோராலேயே இவ்வறிவு கிடைத்தது என்பது ஒன்று. மனிதன் வெளியேற்றும் கழிவு சென்றடையும் இடம் எதுவும் வெறுமையானதன்று என்பது மற்றொன்று. ஆற்றிற் கலந்த கழிவை நீரின் நிறம் காட்டிக்கொடுப்பதுபோல, வானிற் கலந்ததை அங்கு எழும் ஒளி காட்டிக்கொடுக்கின்றது. 630 நனோமீற்றரில் எழும் அச்செவ்வொளி வளிமண்டலம் தானே எழுதும் கணக்காகும். அக்கணக்கை வாசிக்கக் கற்றுவிட்டோம். அதற்கு யார் பொறுப்புக் கூறுவது என்பதைத் தீர்மானிப்பதே இனி எஞ்சியுள்ள பணியாகும்.